வாலாட்டி முடிக்காத சொல்

மீனும் நாரையும் முகத்துக்கு முகம் பார்த்துப் பேசிய காலம் ஒன்று இருந்தது என்றால் இப்போது யார் நம்புகிறார்கள்? நம்பாவிட்டால் போகட்டும். வாய் வைத்துப் பிறந்தது எல்லாம் அப்போது பேசியது. சங்கடம் என்னவென்றால், தவளை பேசினால் தவளைக்குத்தான் புரியும், நண்டு பேசினால் நண்டுக்குத்தான் புரியும். அதனால் வெள்ளாம்பல் ஏரியில் பொழுது விடிந்தால் சண்டை. கூழைக்கடா "கொஞ்சம் தள்ளி உட்காருங்கள்" என்று மரியாதையாகத்தான் சொல்லும். அந்தப் பெரிய வாய் திறந்ததுமே தவளைக் கூட்டம் அலறியடித்துக்கொண்டு தண்ணீரில் குதிக்கும். கொக்கு ஒரு பக்கம் கத்தும், நண்டு ஒரு பக்கம் கொடுக்கைத் தூக்கும். நிம்மதியாக ஒரு வாய் தண்ணீர் குடிக்க வழியில்லை.

கூழைக்கடாதான் அப்போது ஏரிக்குத் தலைவர். தொண்டைப்பையார் என்று பெயர். அவர் ஒருநாள் எல்லாரையும் கூட்டி, யாருக்கும் சொந்தமில்லாத புதுப்பேச்சு ஒன்றைச் செய்துகொள்ளலாம் என்றார். அதைச் சொல்லிப் புரியவைப்பதற்குள் சைகை காட்டிக் காட்டி அவருக்கு இறக்கை விட்டுப்போயிற்று, பாவம்.

யார் செய்வது என்று வந்தபோது எல்லாக் கண்ணும் சிலுப்பி பக்கம் திரும்பியது. சிலுப்பி ஒரு வாலாட்டிக் குருவி. ஆனால் அன்றைக்கு அவளை யாரும் வாலாட்டி என்று கூப்பிட்டதில்லை. அவள் வால் சிட்டுக்குருவியின் வால் மாதிரி சும்மா கிடந்தது. வால்தான் சும்மா கிடந்தது, அவள் எங்கே சும்மா இருந்தாள்? காலில் நெருப்பு பட்டவள் போல விடிந்ததிலிருந்து கரையோரமே ஓடுவாள். நண்டு வளை வாசலில் நின்று இரண்டு வார்த்தை கேட்பாள், நாரையின் காலடியில் நின்று இரண்டு வார்த்தை கேட்பாள். தண்ணீரிலும் இல்லாமல் தரையிலும் இல்லாமல் நடுவில் ஓடுகிறவளுக்குத்தானே எல்லார் பேச்சும் கொஞ்சம் கொஞ்சம் தெரியும்?

அவளும் செய்தாள். தவளையிடம் ஒரு ஒலி, கொக்கிடம் ஒரு ஒலி, ஆமையின் பெருமூச்சில் பாதி என்று பொறுக்கிக்கொண்டு வந்து கோத்தாள். அதற்குக் கரைப்பேச்சு என்று பெயர் வைத்தார்கள். பெயர்ச்சொல் எல்லாம் அவளுக்குச் சுலபமாக வந்துவிட்டது. கல் என்றால் கல், மீன் என்றால் மீன், அதில் என்ன இருக்கிறது? செயலைச் சொல்லும் சொல்தான் அவளைத் தூங்கவிடவில்லை. ஒரு வேலை நடந்துகொண்டிருக்கும்போது ஒரு மாதிரி இருக்கிறது, முடிந்தபின் வேறு மாதிரி இருக்கிறது. இரண்டுக்கும் ஒரே சொல் எப்படிப் போதும் என்று அவளுக்கு ஒரே குடைச்சல்.

அதனால் ஒவ்வொரு செயலுக்கும் இரண்டு உடம்பு கொடுத்தாள். ஒன்று ஓடுகிற உடம்பு, இன்னொன்று ஒடுங்கின உடம்பு. தின்பதற்கு "கீலவு" என்று சொல். தின்று முடித்துவிட்டால் அதே சொல்லின் வயிறு சுருங்கி "கெலவூ" ஆகிவிடும். ஓடுகிற உடம்புக்குத் தலையில் அழுத்தம், ஒடுங்கின உடம்புக்குக் கடைசியில் அழுத்தம். போவதற்கு "தூமரி". போனவன் போய்க்கொண்டிருக்கிறான், திரும்பி வருவான் என்று அர்த்தம். போனவன் போனவனே என்றால் "தொமரீ".

நாரைக்கு இது உடனே பிடிபட்டது. தவளைகளுக்கோ அழுத்தம் எங்கே என்றே தெரியவில்லை, எல்லா இடத்திலும் ஒரே அழுத்தாக அழுத்தின. சிலுப்பி தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு கரையோரத் தண்ணீரில் துருத்திக்கொண்டிருந்த வழுக்குப் பாறையில் ஏறி, சொல்லில் எங்கே அழுத்தம் விழுகிறதோ அங்கே வாலைப் பட்டென்று கீழே அடித்துக் காட்டினாள். தூ-மரி என்றால் முதலில் ஒரு அடி. தொம-ரீ என்றால் கடைசியில் ஒரு அடி. காது மந்தமான ஆமைக்குக்கூட அப்போது விளங்கிவிட்டது. அதிலிருந்து தினமும் காலையில் அவள் பாறையேறி வாலால் அடித்துக் காட்டுவாள், எல்லாரும் அதைப் பார்த்துத் தங்கள் பேச்சைச் சரிசெய்துகொள்வார்கள். இறங்கிவிட்டால் வால் அடங்கிவிடும்.

சும்மா சொல்லக்கூடாது, பேச்சு வந்ததும் ஏரியின் முகமே மாறிப்போயிற்று. நாரை "கெலவூ" என்று சொன்னால் அதன் வயிறு நிறைந்துவிட்டது என்று பொருள். தவளை பயமில்லாமல் அதன் காலடியிலேயே வந்து வெயில் காயும். ஒடுங்கின சொல்லை யாரும் மாற்றிப் பேசக்கூடாது என்பது சிலுப்பி வைத்த சட்டம். "ஒண்ணை அவிழ்த்தா எல்லாம் அவிழ்ந்துடும். அப்புறம் நாரை சொல்றதை எந்தத் தவளை நம்பும்?" என்பாள். நியாயம்தானே?

இன்னொரு வழக்கமும் வந்தது. அந்தி சாய்ந்ததும் ஏரியை விட்டு வெளியே போனவர் பெயரையெல்லாம் தொண்டைப்பையார் ஒவ்வொன்றாகச் சொல்வார். சிலுப்பி பாறையில் நின்று வாலை முதலில் அடிப்பாள். ஏரி முழுக்க ஒரே குரலில் "தூமரி!" என்று கூப்பிடும். புழுதியில் வழி தெரியாமல் அலைகிறவன் அந்தக் கூப்பாட்டைப் பிடித்துக்கொண்டு வீடு வந்து சேருவான். வெளியே ஒருவன் இருக்கும்வரை ஏரியை விட்டுக் குடிபெயரக் கூடாது, வந்தால் வரவேற்க எல்லாரும் இருக்க வேண்டும் என்பதும் சட்டம். ஆனால் ஒரு பிறை வளர்ந்து தேயும்வரை வராதவனுக்கு சிலுப்பி ஒரே ஒருமுறை "தொமரீ" சொல்வாள். வால் கடைசியில் விழும். அதற்குப் பிறகு அவன் பெயரை யாரும் கூப்பிடமாட்டார்கள். அவன் இருந்த இடத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள்.

அப்படித்தான் நாணலனுக்கு நடந்தது. அவன் ஒரு கானாங்கோழி. அக்கரைப் புதருக்கு இரை தேடிப் போனவன் வரவில்லை. பிறை தேய்ந்த அன்று அவன் பெண்டாட்டி கோரையாள், முட்டையை விட்டு இறங்கி ஓடிவந்தாள்.

"அக்கா, இன்னிக்கு ஒரு அந்தி மட்டும் கூப்பிட்டுப் பாருங்கக்கா. நாளைக்குச் சொல்லிக்கலாம்."

"உனக்கு ஒரு அந்தி விட்டா, நாளைக்கு நண்டு ரெண்டு அந்தி கேக்கும். சட்டம்னா சட்டந்தான் கோரையா" என்றாள் சிலுப்பி. அவளுக்கு வேறு வேலை இருந்தது, கால் ஒரு இடத்தில் நிற்கவில்லை. பாறைக்கு ஓடினாள், "நாணலன் தொமரீ" என்றாள், வால் கடைசியில் விழுந்தது. கோரையாள் அழுதாளா, என்ன ஆனாள் என்று திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவ்வளவு அவசரம்.

அடுத்து வந்தது பாருங்கள் ஒரு கோடை! வானம் வாயைத் திறக்கவே இல்லை. ஏரி சுருங்கிச் சுருங்கிக் குட்டையாயிற்று. சிலுப்பியின் புருஷன் ஓடையன் நிதானமான ஆள். அவள் நூறு அடி ஓடும் நேரத்தில் அவன் ஒரு அடி வைப்பான். அவன் ஒருநாள், "இந்த ஓடை மலையில எங்கே பிறக்குதுன்னு பாத்துட்டு வந்துடறேன். அங்க தண்ணி இருந்தா எல்லாரும் அங்க போயிடலாம்" என்றான்.

"சீக்கிரம் வந்துடுங்க. குந்திக் காத்திருக்கிற வேலையெல்லாம் எனக்கு வராது."

"உன்னை யாரு குந்தச் சொன்னா? ஓடிக்கிட்டே காத்திரு" என்று சிரித்துவிட்டுப் பறந்தான்.

முதல் நாள் அந்தியில் "ஓடையன் தூமரி" என்று ஏரியே கூப்பிட்டது. மறுநாளும் கூப்பிட்டது. சிலுப்பி ஓடை வாய்க்கு ஓடுவாள், பாறைக்குத் திரும்புவாள், மறுபடி ஓடை வாய்க்கு ஓடுவாள். ஒரு புழுவைக் கொத்தினால் பாதியில் போட்டுவிட்டு வானத்தைப் பார்ப்பாள். காய்ந்த இலை விழுந்தாலும் அவன் வந்து இறங்குகிற சத்தம் போலவே இருந்தது அவளுக்கு. 

பிறை வளர்ந்தது, தேய்ந்தது. தொண்டைப்பையார் தயங்கித் தயங்கி வந்தார்.

"சிலுப்பி, நிலா தேஞ்சுடுச்சேம்மா."

"எங்க தேஞ்சுது? புழுதி மறைச்சிருக்கு தலைவரே. இன்னும் இருக்கு."

"புழுதியா?" அவர் அண்ணாந்து பார்த்தார். வானம் துடைத்துவிட்டது போல இருந்தது. பாவம், நல்லவர், அன்றைக்கு வந்த வழியே திரும்பிவிட்டார்.

ஆனால் எத்தனை நாளைக்கு? குட்டையில் மீன்கள் வாய் பிளந்து மிதந்தன. கீழே பெரிய ஆற்றில் இன்னும் தண்ணீர் ஓடுகிறது என்று கொக்கு பார்த்துவிட்டு வந்தது. பறக்கிறவர்களுக்கு அது ஒரு பொழுதுப் பயணம். நடக்கிறவர்களுக்குத்தான் பாடு. அவர்கள் உடனே கிளம்பினால்தான் உண்டு. ஆனால் ஓடையன் இன்னும் "போய்க்கொண்டிருக்கிறவன்". அவன் சொல் ஒடுங்காமல் யாரும் கரையை விட்டு நகர முடியாது. எல்லாரும் சிலுப்பியின் வாலையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

நண்டு முணுமுணுத்தது. தவளைகள் வெளிப்படையாகவே கத்தின. ஒரு கிழ நாரை, "இந்தம்மா மட்டும் இங்க இருக்கட்டும், நாம போவோமே" என்றது. தொண்டைப்பையார் மாட்டேன் என்று தலையாட்டினார். "ஒருத்திக்குச் சட்டத்தை வளைச்சா இன்னொருத்தி கேப்பா. வளைக்கமாட்டேன்னு அவளேதான் சொல்லியிருக்கா. என்னால முடியாதய்யா."

அன்று மத்தியானம் கோரையாள் வந்தாள். அவள் முட்டையெல்லாம் பொரிந்துவிட்டிருந்தது. கறுப்புக் கறுப்பாகப் பஞ்சு உருண்டை போலக் குஞ்சுகள் அவள் பின்னால் தள்ளாடி வந்தன. சேறு காய்ந்து வெடித்த இடத்தில் ஒன்று தடுக்கி விழுந்து, எழ முடியாமல் அப்படியே கிடந்தது.

"இவங்களுக்கு இறக்கை இன்னும் முளைக்கல சிலுப்பி" என்றாள். அக்கா என்று கூப்பிடவில்லை. "நடந்துதான் போகணும். இன்னிக்கு விட்டா நாளைக்கு நடக்க இவங்க இருக்கமாட்டாங்க. உன் சொல்லை முடி."

"முடியலடி."

"எனக்கு முடிச்சியே! ஒரு அந்தி கேட்டேன், ஒரே ஒரு அந்தி. உன் வால் எவ்வளவு சுலபமா விழுந்துது அன்னிக்கு!"

 சிலுப்பி ஓடிப் போய்விடலாம் என்று பார்த்தாள், பிறந்ததிலிருந்து ஓடியே பழகின காலுக்கு அன்றைக்கு ஓட வரவில்லை. கோரையாள் அந்த அந்திக்குப் பிறகு எப்படி முட்டையில் போய் உட்கார்ந்திருப்பாள், இருட்டில் ஒவ்வொரு சலசலப்புக்கும் எப்படித் தலையைத் தூக்கியிருப்பாள் என்று இப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. 

"உனக்கு நான் பெரிய பாவம் செஞ்சுட்டேன் கோரையா" என்றாள்.

"பாவத்தை வெச்சுக்கிட்டு நான் என்ன செய்ய? என் பிள்ளைங்களைப் போகவிடு."

அந்தி வந்தது. ஏரி முழுக்கப் பாறையைச் சுற்றி நின்றது. சிலுப்பி ஏறினாள். தொண்டைப்பையார் "ஓடையன்" என்றார்.

அவள் வாலைத் தூக்கினாள். "தொம..." என்று தொடங்கினாள். வால் கீழே வரமாட்டேன் என்றது. தொண்டைகூட ஒத்துக்கொண்டுவிடும் போலிருந்தது, வால் ஒத்துக்கொள்ளவில்லை. எங்கேயோ ஒரு மலைச்சரிவில் அவன் நிதானமாக அடி வைத்து வந்துகொண்டிருந்தால்? இந்த அந்தியில் கூப்பாடு கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றால்? கீழே பார்த்தாள். கோரையாளின் இறக்கைக்கு அடியில் குஞ்சுகள் கண்ணை மூடிக் கிடந்தன. அவன் சொல்லை முடித்தால் அவன் தொலைந்தான், முடிக்காவிட்டால் இவர்கள் தொலைந்தார்கள்.

சிலுப்பி தூக்கிய வாலோடு அப்படியே நின்றாள். பிறகு, யாரும் எதிர்பாராத ஒரு பெயரைச் சொன்னாள்.

"நாணலன்."

ஏரி திடுக்கிட்டது. ஒடுங்கினவன் பெயரைக் கூப்பிடவே கூடாதே!

"நாணலன் தூமரி" என்றாள் சிலுப்பி. வால் பட்டென்று முதலில் விழுந்தது.

 கோரையாளிடமிருந்து ஒரு கேவல் வந்தது. அவள் மட்டும், தனியாக, "தூமரி" என்று கூப்பிட்டாள். அன்றைக்குக் கேட்டுக் கிடைக்காத அந்தி அது.

"அடிப்பாவி, என்ன காரியம் செஞ்சே!" என்றார் தொண்டைப்பையார். "முடிஞ்ச சொல்லை அவிழ்த்துட்டியே! இனி எந்தச் சொல் நிக்கும்?"

"ஒண்ணும் நிக்காது தலைவரே. தெரிஞ்சுதான் அவிழ்த்தேன்" என்றாள் சிலுப்பி. "பேச்சு இருந்தாத்தானே சட்டம்? பேச்சு போயிடட்டும், எல்லாரும் போயிடுங்க. பிள்ளைங்க பிழைக்கட்டும். என் புருஷனுக்கு மட்டும் அந்தச் சொல்லைச் சொல்லச் சொல்லாதீங்க."

அவ்வளவுதான். நாரை தன் செத்துப்போன குஞ்சின் பெயரைச் சொல்லி "அதையும் அவிழ்" என்றது. தவளை தன் தாயைக் கேட்டது. ஆமை யார் யாரையோ கேட்டது. சிலுப்பி ஒன்றையும் மறுக்கவில்லை. ஒவ்வொரு பெயருக்கும் வாலை முதலில் அடித்தாள். ஒடுங்கின உடம்புகள் எல்லாம் அவிழ்ந்தன. போனவன் யார், போய்க்கொண்டிருக்கிறவன் யார் என்று பிரித்துச் சொல்ல வழியில்லாமல் போயிற்று. யாரோ "கெலவூ" என்றார்கள், தின்றாயிற்றா தின்னப்போகிறார்களா என்று தெரியாமல் தவளைகள் நாரையின் காலடியை விட்டு மெல்ல மெல்ல நகர்ந்தன. அழுத்தங்கள் இடம் மாறின, சொற்கள் குழறின. பொழுது சாய்ந்து முடிவதற்குள் கொக்கு கத்தியது கத்தலாகவும் தவளை கத்தியது கத்தலாகவும் மட்டுமே காதில் விழுந்தது. தொண்டைப்பையார் சிலுப்பியைப் பார்த்து ஏதோ சொன்னார். திட்டினாரோ, வாழ்த்தினாரோ, அவளுக்கு ஒரு எழுத்தும் புரியவில்லை. அத்தனை பேருக்கும் பேச்சு செய்து கொடுத்தவள் அவள். அன்றைக்கு அவள் அழுத அழுகை அந்தப் பாறைக்குத்தான் தெரியும்.

சட்டம் போனதும் ஏரி கிளம்பியது. கோரையாள் குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு ஆற்றுப் பக்கம் நடந்தாள். கரை மேட்டில் ஏறியதும் நின்று திரும்பினாள். பேச ஒன்றும் இல்லை, பேசினாலும் புரியாது. கோரையாள் "தூமரி"க்கு அடிப்பது போலத் தன் குட்டை வாலை வெடுக்கென்று ஒரு வெட்டு வெட்டினாள். பாறையில் சிலுப்பியும் வாலால் அதே அடி அடித்தாள். இரண்டு பேருக்கும் அது புரிந்தது. பிறகு கோரையாள் வாலை வெட்டிக்கொண்டே நடந்து புதரில் மறைந்தாள். குஞ்சுகள் எல்லாம் ஆறு போய்ச் சேர்ந்தன என்று கேள்வி.

சிலுப்பி கடைசிச் சொட்டுத் தண்ணீர் காயும்வரை பாறையிலேயே இருந்தாள். பிறகு யோசித்தாள். தண்ணீர் தேடிப் போனவன் தண்ணீர் இருக்கிற பக்கம்தானே வருவான்? ஓடையோரம் ஓடினாள். ஓடை முடிந்தால் வாய்க்கால், வாய்க்கால் முடிந்தால் ஆறு. ஓடுவாள், நிற்பாள், வாலை அடிப்பாள், மறுபடி ஓடுவாள். மழை பெய்து வெள்ளாம்பல் ஏரி நிறைந்து எல்லாரும் திரும்பி வந்தார்கள், பழையபடி சண்டையும் வந்தது. பேச்சு மட்டும் வரவில்லை. சிலுப்பியைப் பார்த்து வளர்ந்த வாலாட்டிகளுக்குக் கரைப்பேச்சில் ஒரு சொல்லும் தெரியாது. அதன் அழுத்தம் மட்டும் வாலில் தங்கிவிட்டது.

ஓடையன் வந்தானா என்று கேட்காதீர்கள். அதைச் சொல்ல அந்தப் பேச்சில் இருந்தவை இரண்டே சொல். அதில் ஒன்றைச் சொல்லமாட்டேன் என்றுதான் அவள் உலகத்தின் பேச்சையே கலைத்தாள். எந்தத் தண்ணீர் ஓரத்துக்காவது போய்க் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். அன்றைக்குப் பிடித்துதான் வாலாட்டியின் வால் ஓய்ந்ததே இல்லை. பக்கத்துப் புதரோரம் கானாங்கோழியும் வாலை வெட்டி வெட்டித்தான் நடக்கிறாள். இரண்டு பேர் புருஷனும் இன்னும் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள்.